பழைய மாருதி 800: எஞ்சின் மக்கர் செய்தால் எங்கே கை வைப்பது

மாருதி 800-இன் தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுபோனது. இன்று கைமாறி வரும் 800 எதுவானாலும் பத்து வயதைத் தாண்டியது. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பழைய பாகம்) வண்டி என்றால் கால் நூற்றாண்டு ஓடியிருக்கும். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஹெட்டின் (எஞ்சினின் மேல்பகுதி) மேல் வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம், அதைச் சுழற்றும் டைமிங் பெல்ட். இவ்வளவு எளிமையான எஞ்சினில் கோளாறைக் கண்டுபிடிப்பது சிரமமே இல்லை. பார்க்காமலே பாகம் மாற்றும் பழக்கம்தான் செலவை இழுத்துவிடுகிறது. ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் பேட்டரி எர்த் வயர் பச்சை பூத்துக் கிடக்கும். அதனால் இங்கே எந்த அறிகுறிக்கும் சோதனை முதலில், பாகம் பிறகு.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளப்பது). கேஜ் இல்லாவிட்டால் பட்டறையில் அரை மணி நேரத்துக்கு இரவல் கேட்டாலும் போதும்.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்கிறது, எஞ்சின் சுற்றவில்லை

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். லைட் அணையும் அளவுக்கு மங்கினால் கோளாறு பேட்டரியில் அல்லது அதன் இணைப்பில். லைட் கொஞ்சம்கூட மங்காமல் ‘டக்’ மட்டும் வந்தால், மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குள் போகவே இல்லை. சோலனாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) தேய்ந்திருக்கும் அல்லது மோட்டாரின் பிரஷ் முடிந்திருக்கும்.

வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு பேட்டரி முனையில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-ஐயே தொடவில்லை என்றால் புது பேட்டரி வாங்கியும் பயனில்லை, ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறதா? இங்கேதான் எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் தூணில் வையுங்கள், கிளாம்பில் வேண்டாம், தூணிலேயே. இன்னொரு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் அழுத்துங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவே எங்கோ தடை இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் வயரின் போல்ட்டைக் கழற்றி, அடியிலிருக்கும் பெயின்ட்டையும் துருவையும் எமரி தாளால் தேய்த்து, திரும்ப முறுக்குங்கள். கடலோர ஊர் வண்டிகளில் இந்த ஒரு வேலையே பலமுறை போதுமானதாக இருக்கும்.

எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

எஞ்சின் பிடிக்க மூன்று வேண்டும்: நெருப்பு, பெட்ரோல், கம்ப்ரஷன். நெருப்பிலிருந்து தொடங்குங்கள், அதைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

ஒரு பிளக்கைக் கழற்றி அதன் வயரிலேயே மாட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி வைத்துக் கட்டுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். பிளக் கழற்றிய ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். அதிலிருந்து தள்ளி வையுங்கள். செல்ஃப் அடித்தால் நீலமாக, சத்தத்தோடு பொறி பறக்க வேண்டும். மஞ்சளாக, மெலிதாக வந்தால் பலவீனம்.

பொறி இல்லையென்றால், டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை முறைவைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்பும் பாகம்) கேப்பின் நடு வயரை எடுத்து இதே சோதனையைச் செய்யுங்கள். நடு வயரில் பொறி இருந்து பிளக்கில் இல்லையா? கோளாறு கேப்பிலோ அதன் அடியில் சுற்றும் ரோட்டாரிலோதான். கேப்பைக் கழற்றி உள்பக்கம் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முனைகளுக்கு நடுவே பென்சிலால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு ஓடினால், அந்தக் கோட்டின் வழியாகவே மின்சாரம் கசிகிறது. துடைத்தால் போகாது, கேப்பை மாற்றியே ஆக வேண்டும். கேப்பின் நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் கரித் துண்டு விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அது தேய்ந்து மறைந்திருந்தாலும் பொறி வராது. சில ரூபாய்ப் பொருள்தான், கண்ணில் படாமல் நாள்கணக்கில் அலைய வைக்கும்.

நடு வயரிலும் பொறி இல்லையென்றால் டெஸ்ட் லேம்ப்பை எடுங்கள். இக்னிஷன் போட்டதும் காயிலின் (12 வோல்ட்டை உயர்த்திப் பொறிக்குக் கொடுக்கும் பாகம்) பாசிட்டிவ் முனையில் லேம்ப் எரிய வேண்டும். எரியாவிட்டால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், வயர். எரிந்தால் அடுத்து நெகட்டிவ் முனையில் வைத்து செல்ஃப் அடியுங்கள். லேம்ப் மின்னி மின்னி எரிந்தால், காயிலுக்குக் கட்டளை சரியாக வருகிறது, காயில்தான் போயிருக்கிறது. மின்னாமல் ஒரேயடியாக எரிந்தாலோ அணைந்தே கிடந்தாலோ காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் பாயின்ட், கண்டென்சர் அல்லது எலக்ட்ரானிக் மாட்யூல். பாயின்ட் வண்டி என்றால் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. இருக்க வேண்டும், முனைகள் நீலம் பாரித்துக் குழி விழுந்திருந்தால் பாயின்ட்டோடு கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். குழி விழக் காரணமே பெரும்பாலும் கண்டென்சர்தான்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல். கார்புரேட்டர் வண்டியில் பம்ப் கேம் ஷாஃப்ட்டால் இயங்குவது. முதலில் காயிலின் நடு வயரைக் கழற்றி எர்த் செய்து பொறியை நிறுத்துங்கள். இதை விட்டுவிட்டுப் பெட்ரோல் சோதனை செய்யவே கூடாது. பிறகு கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை எடுத்து ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு, ஆனால் அழுத்தமாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால், முதலில் ஃபில்டர், அடுத்து டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், அதன் பிறகே பம்ப். ஹோஸில் மயிரிழை விரிசல் இருந்தால் பெட்ரோல் கசியாது. பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. அதற்கு முன்பு செய்யப்பட்ட பழைய ரப்பர் அதற்கென்று செய்யப்பட்டதல்ல. பழைய ஹோஸ்கள், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் சீக்கிரமே உப்பி, விரிசல் விடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் தங்குவதும் அதனால்தான். பாட்டிலில் பிடித்த பெட்ரோலைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்காக ஏதாவது நின்றால் டேங்க்கைக் காலி செய்து கழுவ வேண்டும்.

2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் இன்ஜெக்டர்கள் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியில் பம்ப் டேங்க்குக்குள் இருக்கிறது. இக்னிஷன் போட்டதும் பின் சீட் பக்கம் இரண்டு மூன்று விநாடி ‘ம்ம்ம்’ என்று ஓடி நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில். செல்ஃப் அடிக்கும்போது டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டி எஞ்சின் பிடித்தால், அந்தப் பம்ப் இன்னும் சில நாளே ஓடும்.

பொறியும் இல்லை, பெட்ரோலும் வரவில்லை என்றால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். கார்புரேட்டர் 800-இல் டிஸ்ட்ரிபியூட்டரும் பம்ப்பும் இரண்டுமே கேம் ஷாஃப்ட்டிலிருந்துதான் ஓடுகின்றன. இரண்டும் ஒன்றாக நிற்கிறதென்றால் கேமே சுற்றவில்லை, டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து செல்ஃப் அடித்துப் பாருங்கள், ரோட்டார் அசையாது. செல்ஃப் சத்தமும் வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பில்லாமல் ஒலிக்கும். எப்போது மாற்றியது என்று தெரியாத பெல்ட்டை, மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடுவது நல்லது, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து.

பெட்ரோல் வாடை அடித்து, பிளக் நனைந்து வந்தால் எஞ்சினுக்குள் பெட்ரோல் மிதமிஞ்சிச் சேர்ந்திருக்கிறது. பெடலை முழுக்க மிதித்தபடியே, பம்ப் செய்யாமல், ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். மூன்று பிளக்கையும் கழற்றித் துடைத்துப் போட்டால் இன்னும் விரைவு.

காலையில் அடம், சூடானால் சரி

கார்புரேட்டர் வண்டியில் ஏர் ஃபில்டரின் மூடியைத் திறந்து சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைப்பது) கேபிளை இழுத்துப் பாருங்கள். மேலே உள்ள தகடு முழுதாக மூட வேண்டும். பாதியில் நின்றால் கேபிள் நழுவியிருக்கிறது, கிளிப்பைத் தளர்த்தி இழுத்துக் கட்டினால் முடிந்தது. எம்பிஎஃப்ஐ வண்டியில் கூலன்ட் வெப்பத்தைச் சொல்லும் சென்சார் பொய் சொன்னால் இதே அறிகுறி வரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் சூடாக இருப்பதாக நினைத்துப் பெட்ரோலைக் குறைத்துவிடும்.

சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறிய பிறகு ஓடுகிறது

இரண்டு சந்தேகம். ஒன்று, காயில் அல்லது மாட்யூல் சூட்டில் உள்ளுக்குள் விட்டுப்போவது. இன்னொன்று, எஞ்சினுக்குப் பக்கத்தில் போகும் பெட்ரோல் ஹோஸில் பெட்ரோல் ஆவியாகி நிற்பது. வண்டி நின்ற அந்த நிமிடமே பொறி பாருங்கள். ஆற விட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது. பொறி இல்லையென்றால் காயில்மேல் ஈரத்துணி போட்டு இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பொறி இருந்தால் ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப்பின்மேல் போடுங்கள்.

ஐடிலில் (பெடலை மிதிக்காமல் ஓடும்போது) குலுங்குகிறது, ‘மிஸ்’ அடிக்கிறது

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று விட்டால் கால் பங்கு போகும். 800-இல் மூன்றில் ஒன்று. கியர் லீவரே கையில் ஆடும். எந்த சிலிண்டர் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

எஞ்சின் ஓடும்போது, ரப்பர் கைப்பிடி போட்ட பிளையரால் ஒரு பிளக் வயரைக் கழற்றி உடனே எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் வையுங்கள், பொறி வெளியேற வழி வேண்டும். குலுக்கல் கூடினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். எம்பிஎஃப்ஐ வண்டியில் வயருக்குப் பதிலாக இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றுவது பாதுகாப்பு.

அந்த சிலிண்டரின் பிளக்கை எடுத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பீங்கான் மூக்கு பால் கலக்காத டீயின் நிறத்தில் இருந்தால் எரிதல் நன்றாக இருந்திருக்கிறது. கரிமாதிரி காய்ந்த கறுப்பு, பெட்ரோல் அதிகம். ஈரமான, பளபளக்கும் கறுப்பு, விரலில் வழுக்கினால் ஆயில். வெள்ளையாக, ஓரம் உருகியதுபோல் இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது தவறான பிளக். கார்புரேட்டர் வண்டிக்கு இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. எம்பிஎஃப்ஐக்கு இதைவிட அதிகம், 1.0 முதல் 1.1. கடைக்காரர் புதிதாகக் கொடுப்பதையும் ஃபீலரால் அளந்துதான் போட வேண்டும்.

இந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டரில் மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸும் கூடவே போனால் பிளக். போகாவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள், நீளம் எட்டினால். மழை நாளில் மட்டும் மிஸ் அடிக்கும் வண்டியை இரவில், விளக்கில்லாத இடத்தில் பானட்டைத் திறந்து ஓடவிட்டு, தண்ணீர் ஸ்ப்ரேயால் வயர்கள்மேல் பூவாகத் தெளியுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். அந்த நேரத்தில் வயரைத் தொடாதீர்கள்.

பிளக்கும் வயரும் நல்லது, இருந்தும் அதே சிலிண்டர் செத்தே கிடக்கிறது என்றால் கம்ப்ரஷன். எஞ்சின் சூடாக இருக்கட்டும். மூன்று பிளக்கையும் கழற்றுங்கள், பொறியைத் துண்டியுங்கள், எம்பிஎஃப்ஐ என்றால் இன்ஜெக்டர் கனெக்டர்களையும். சோக் திறந்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து சுற்று. ஆரோக்கியமான 800 எஞ்சின் 150 முதல் 180 பிஎஸ்ஐக்குள் எங்காவது காட்டும். தனி எண்ணைவிட மூன்றுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் முக்கியம். 15 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். 170, 165, 95 என்று வந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். எண் நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் இடைவெளியை அடைத்ததால் ஏறியது. ஏறவே இல்லையென்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் ஒன்றாகக் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) விட்டிருக்கிறது.

வால்வு என்றதும் ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள். டேப்பெட் (வால்வை அழுத்தும் பாகம்) இடைவெளியை முதலில் பாருங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது 0.15 மி.மீ. ஃபீலர் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுதாக உட்காராது, எரிந்துபோகும். எல்பிஜியில் ஓடிய வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு இப்படி இறுகுவது சகஜம். டேப்பெட்டைச் சரிசெய்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கம்ப்ரஷன் எடுங்கள்.

மூன்று சிலிண்டரும் வேலை செய்தும் ஐடில் மேலும் கீழும் ஆடினால் எங்கோ காற்று புகுகிறது. கார்புரேட்டரின் அடி கேஸ்கட், வேக்யூம் ஹோஸ்கள். ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்குங்கள், எதை நசுக்கும்போது ஐடில் நிதானமாகிறதோ அதன் வழியே கசிவு. பெடலை விட்டால் நின்றுவிடுகிறது, மிதித்தால் ஓடுகிறது என்றால் கார்புரேட்டரில் வயர் செருகிய ஐடில் சோலனாய்டு. இக்னிஷனைப் போட்டு அதன் வயரைக் கழற்றி மாட்டினால் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்டும் ஐடில் நிற்கவில்லையென்றால் ஸ்லோ ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் நுண்துளை) அடைத்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் மட்டும்.

இழுவை இல்லை

எஞ்சினைத் தொடும் முன் இரண்டு விஷயம். மூன்றாம் கியரில் ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவை இரண்டும் இல்லாவிட்டால் ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், பிறகு டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று மார்க்கைப் பாருங்கள். இந்தியாவின் நான்கு பெருநகரங்களிலும் 1995 ஏப்ரலிலிருந்து புதிய பெட்ரோல் கார்களுக்குக் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. சென்னையில் பதிவான வண்டியில் அது அடைத்துக்கொண்டால் எஞ்சின் மூச்சுத் திணறும். சைலன்சர் முனையில் கையைக் காட்டி ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள். காற்று அழுத்தமாக வராமல் மந்தமாக வந்தால் அதுதான்.

சூடு ஏறுகிறது

இந்த அறிகுறியில் மட்டும் ‘வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்று ஓட்டக் கூடாது. ஹெட் அலுமினியம். ஒருமுறை முள் சிவப்பில் நின்றாலே வளைய வாய்ப்புண்டு. ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரமாவது தொடாதீர்கள். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடித்துத் தோல் உரிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

எப்போது ஏறுகிறது என்பதே பாதி விடை. சிக்னலில் நின்றால் ஏறி, ஓடினால் இறங்கினால் ஃபேன். இக்னிஷன் போட்டு, சூட்டைப் பார்த்து ஃபேனை ஓடவிடும் தெர்மோ சுவிட்சின் வயர் இரண்டையும் கழற்றி ஒன்றோடொன்று சேருங்கள். ஒற்றை வயர் என்றால் பாடியில் தொடுங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச் கெட்டது, ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது தண்ணீர் ஓட்டம் குறைவு. போர் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் ரேடியேட்டர் குழாய்களுக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருக்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் முன்பக்கத்தை ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். மற்ற இடம் சீக்கிரம் காய்ந்து ஒரு பகுதி மட்டும் ஈரமாகவே நின்றால், அந்தப் பகுதியில் ஓட்டம் இல்லை.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு). அதைக் கழற்றி, திறக்கும் வெப்பம் அதிலேயே பொறித்திருக்கும், தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றி வெப்பமானியோடு பாருங்கள். கெட்டால் புதியது போடுங்கள். எடுத்து எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரம் எடுத்து, பெட்ரோல் அதிகம் குடித்து, ஆயிலில் ஈரம் சேர்வதுதான் மிச்சம்.

வெளியே ஒழுகவே இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும் இதன் அடையாளம். ஹெட்டைக் கழற்றினால் நேர்கோல் வைத்து ஃபீலரால் அளக்கச் சொல்லுங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் வளைவு இருந்தால் சாணை பிடிக்காமல் புது கேஸ்கட் போட்டுப் பயனில்லை.

புகை

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இரவு நின்று காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு கொத்து வந்து மறைந்தால் வால்வு சீல். ஏற்காடு, கொல்லிமலை மாதிரி இறக்கத்தில் பெடலை விட்டு கியரிலேயே இறங்கி, அடியில் மறுபடி மிதிக்கும்போது வந்தாலும் அதுவே. பெடல் மூடியிருக்கும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சல், வால்வு வழியாக ஆயிலை இழுத்துவிடுகிறது. மிதித்து ஏறும்போதெல்லாம் விடாமல் வந்தால் ரிங். சீல் மாற்றுவது சின்ன வேலை, ரிங் என்றால் எஞ்சினே இறங்க வேண்டும். அதனால் இந்த வேறுபாட்டைக் காசு கொடுக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி வாங்கப் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் ‘நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கறுப்பு, பெட்ரோல் அதிகம்: சோக் திறக்கவில்லை, ஏர் ஃபில்டர் அடைப்பு, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் ஊசி தேய்வு. காலையில் வரும் வெள்ளை ஆவி சாதாரணம். சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளையாக வந்தால் கூலன்ட் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் குழம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓடும் வண்டியில் மூடியில் கொஞ்சம் படியும், அது ஈரம். டிப்ஸ்டிக்கிலும் அதே குழம்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, எஞ்சினை ஓட்டாமல் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஆயில் லைட், சத்தம்

ஓடும்போது ஆயில் லைட் எரிந்தால் உடனே சாவியை அணையுங்கள். டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தால் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி அளந்த பிறகுதான் ‘சுவிட்ச் கெட்டது’ என்று சொல்லலாம். சூடான ஐடிலில் மட்டும் மினுக்கினால் பேரிங் தேய்ந்திருக்கலாம், ஆயில் நீர்த்திருக்கலாம். பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும், டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள்.

மேலே, ஹெட்டிலிருந்து தையல் மிஷின்போல ‘டிக் டிக்’ என்றால் டேப்பெட். கீழிருந்து, மிதித்து விடும்போது ‘டொக் டொக்’ என்று கனமாக வந்தால் கனெக்டிங் ராடு பேரிங். ஏதாவது ஒரு பிளக் வயரைக் கழற்றியதும் சத்தம் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்குமேல் ஓட்டினால் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஏற்றத்தில் மட்டும் சில்லறை குலுக்குவதுபோல் கேட்டால் பொறி வரும் நேரம் (டைமிங்) முன்னே இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, டைமிங் லைட் வைத்துச் சரியான மார்க்குக்குத் திருப்பி இறுக்குங்கள்.